நீல நிறம் சொன்ன கணக்கு

தென்பெண்ணை ஆற்றங்கரையில் உள்ள மணலூர்பேட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு பெண் கருவுற்றால், கிராம நர்ஸ் அவளுக்கு இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கிறார். அதில் இரும்புடன் போலிக் அமிலம் என்ற சத்தும் சேர்ந்திருக்கிறது. அதே ஊரில் ஒருவர் ரத்தத்தில் யானைக்கால் நோய்ப் புழு இருப்பதாகத் தெரிந்தால், டி.இ.சி. என்ற மாத்திரை கொடுக்கிறார்கள். ஒரு குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் கண்டு சென்னைக்குக் கொண்டு போனால், அங்கே கொடுக்கும் மருந்துகளில் ஒன்று மெதோட்ரெக்ஸேட். சிறுநீரகக் கோளாறு என்று சந்தேகித்து ரத்தத்தைச் சோதிக்க அனுப்பினால், திரும்பி வரும் சீட்டில் பாஸ்பரஸ் எவ்வளவு என்று ஒரு வரி இருக்கும்.

இந்த நான்குக்கும் பின்னால் ஒரே மனிதரின் உழைப்பு இருக்கிறது. அவர் சென்னையில் படித்தவர். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இருமுறை தோற்றவர். வைத்தியக் கல்லூரியில் முழுப் பட்டம் கிடைக்காமல் வெளியேறியவர். அமெரிக்காவுக்குப் போய், தாய்நாட்டை மீண்டும் பார்க்காமலே இறந்தவர். அவர்தான் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

வாழைப்பழம் விற்கப் புறப்பட்ட சிறுவன்

இன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் உள்ள பீமவரம், அக்காலத்தில் சென்னை ராஜதானியைச் சேர்ந்திருந்தது. அங்கே 1895-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் தேதி சுப்பாராவ் பிறந்தார். தந்தை ஜகந்நாதம், ரெவின்யூ இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். நோயின் காரணமாக வேலையிலிருந்து சீக்கிரமே விலக நேர்ந்தது. பெரிய குடும்பம், சிறிய வருமானம். தாயார் வெங்கம்மா கண்டிப்பு மிகுந்தவர். குடும்ப பாரம் அவர் தலைமேல் விழுந்தது.

பையனுக்குப் படிப்பில் மனம் செல்லவில்லை. பதின்மூன்று வயதில், காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றால் கை நிறையப் பணம் சேரும் என்று எண்ணி வீட்டை விட்டு ஓடினான். வீட்டார் தேடிப் பிடித்து மீண்டும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினர். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இருமுறை தோல்வி. தாயார் விடவில்லை. நகைகளை விற்று மகனைச் சென்னைக்கு அனுப்பினார். திருவல்லிக்கேணி ஹிந்து ஹைஸ்கூலில் படித்து, மூன்றாவது முறை தேறினார் சுப்பாராவ்.

பிறகு பிரஸிடென்ஸி கல்லூரி. அங்கே கணிதம் அவரைக் கவர்ந்தது. அதைவிட அதிகமாகத் துறவு கவர்ந்தது. ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து சந்நியாசியாகிவிட விரும்பினார். தாயார் சம்மதிக்கவில்லை. தாயின் சம்மதமில்லாமல் ஏற்க முடியாது என்று மடத்திலும் சொல்லிவிட்டார்கள். வைத்தியம் படித்தால் ஏழைகளுக்குத் தொண்டு செய்யலாம் என்ற யோசனையும் அங்கேயே கிடைத்தது. சுப்பாராவ் சென்னை வைத்தியக் கல்லூரியில் சேர்ந்தார்.

கதர் அங்கியும் எல்.எம்.எஸ். பட்டமும்

கல்லூரிச் செலவுக்குக் கை கொடுத்தவர் கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி. அவருடைய மகள் சேஷகிரியைச் சுப்பாராவ் 1919-ல் மணந்தார்.

அது காந்தியடிகளின் குரல் நாடெங்கும் எழுந்த காலம். அந்நியத் துணியை விலக்குங்கள் என்ற அழைப்பைக் கேட்ட சுப்பாராவ், ஆபரேஷன் சாலையிலும் கதர் அங்கியே அணிந்து வந்தார். ரண சிகிச்சைப் பேராசிரியரான ஆங்கிலேயருக்கு இது பிடிக்கவில்லை. மற்றப் பாடங்களில் நன்றாக எழுதியும், ரண சிகிச்சையில் சுப்பாராவ் தேறவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் அதற்குக் கீழ்ப்பட்ட எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. சர்க்கார் வைத்திய சேவையில் சேர முடியவில்லை. டாக்டர் லட்சுமிபதி சென்னையில் நடத்தி வந்த ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு போதிக்கும் ஆசிரியரானார்.

அந்த ஆண்டுகளில் குடும்பத்தில் பேரிடி விழுந்தது. சுப்பாராவின் சகோதரர் இருவர் எட்டு நாள் இடைவெளியில் மாண்டனர். ஸ்ப்ரூ என்ற குடல் நோய் அவர்களைக் கொண்டுபோயிற்று. உண்ட உணவு உடலில் ஒட்டாது, ஓயாத பேதி, ரத்தம் வற்றிப் போகும். அதற்கு அன்று தக்க மருந்தில்லை. அதே நோய் சுப்பாராவையும் பற்றியது. டாக்டர் லட்சுமிபதியின் ஆயுர்வேத சிகிச்சையால் அவர் உயிர் தப்பினார். இந்த நோயை ஒழிக்க ஒரு மருந்து காண வேண்டும் என்ற எண்ணம் அவர் மனத்தில் அன்றே வேர் விட்டது.

பாஸ்டனில் இரவு வேலை

காக்கிநாடாவிலிருந்த மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் தர்ம ஸ்தாபனமும் மாமனாரும் உதவிய பணத்தோடு சுப்பாராவ் கப்பலேறினார். 1922 அக்டோபரில் பாஸ்டன் நகரை அடைந்தார். சில ஆண்டுகளில் திரும்பி வருவதாக மனைவியிடம் சொல்லியிருந்தார். அவருக்குப் பிறந்த ஒரே ஆண் குழந்தை சிசுப் பருவத்திலேயே இறந்தது. அந்தக் குழந்தையின் முகத்தைக் காணும் பாக்கியம் தந்தைக்குக் கிட்டவில்லை.

ஹார்வர்டு சர்வகலாசாலையின் உஷ்ண நாட்டு நோய்கள் பள்ளியில் இடம் கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. எல்.எம்.எஸ். சான்றிதழை வைத்துக்கொண்டு அங்கே டாக்டராக வேலை பார்க்க முடியாது. ஆகவே இரவு நேரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மலசலப் பாத்திரங்களைக் கழுவும் ஊழியரானார். பகலில் படிப்பு, இரவில் இந்த வேலை. டிப்ளமா வாங்கியபின், அதே சர்வகலாசாலையின் உயிர் ரசாயனப் பகுதியில் சேர்ந்தார்.

அந்தப் பகுதியின் தலைவர் ஆட்டோ போலின். ரத்தத்தில் என்னென்ன பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதை நிறத்தை வைத்து அளக்கும் கலையில் உலகப் புகழ் பெற்றவர் அவர். அங்கே பணியாற்றிய சைரஸ் பிஸ்க் என்ற விஞ்ஞானி, சுப்பாராவுக்கு ஒரு வேலை கொடுத்தார். ரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸைச் சரியாக அளக்க ஒரு வழி காண வேண்டும் என்பதே அந்த வேலை.

நிறத்தைப் பார்த்து அளப்பது

கேட்பதற்கு இது அற்ப வேலையாகத் தோன்றலாம். ஆனால் எலும்பும் பல்லும் பாஸ்பரஸின்றி உருவாவதில்லை. ரிக்கெட்ஸ் என்னும் எலும்பு வளையும் நோய் பிடித்த குழந்தையின் ரத்தத்தில் பாஸ்பரஸ் குறையும். சிறுநீரகம் பழுதானால் அது ஏறும். அளவு தெரிந்தால்தான் டாக்டர் நோயை அறிய முடியும். அன்றிருந்த முறைகளிலோ தொல்லை அதிகம். உண்டான நிறம் நிலைத்து நிற்காமல் மங்கும். அல்லது வேறு பொருள்கள் குறுக்கிட்டு நிறத்தைக் கெடுக்கும். ஒரே ரத்தத்தை இருவர் சோதித்தால் இரண்டு விடை வரும்.

சுப்பாராவும் பிஸ்கும் கண்ட வழி இது: ரத்தத்தில் ஓர் அமிலத்தைச் சேர்த்தால் அதிலுள்ள புரதம் திரிந்து கட்டியாகிவிடும். அதை வடிகட்டி எடுத்துவிட்டால் தெளிந்த நீர் மிஞ்சும். அந்த நீரில் மாலிப்டினம் என்ற உலோகத்தின் உப்பைச் சேர்த்தால், அது பாஸ்பரஸோடு கூடிக்கொள்ளும். பிறகு, அவர்கள் தேடிப் பிடித்த ஒரு புதிய ரசாயனப் பொருளைச் சிறிது விட்டால், நீர் நீல நிறமாக மாறும். பாஸ்பரஸ் அதிகமானால் நீலம் கருக்கும். குறைந்தால் நீலம் வெளுக்கும். ஐந்து நிமிஷத்தில் நிறம் வந்துவிடும்.

நீலத்தின் அழுத்தத்தை அளப்பதற்கு ஒரு கருவி உண்டு. அதில் இரண்டு சிறு கிண்ணங்கள். ஒன்றில் அளவு தெரிந்த பாஸ்பரஸ் கரைசல். மற்றொன்றில் நோயாளியின் ரத்தத்திலிருந்து வந்த நீர். மேலே உள்ள குழாயில் கண்ணை வைத்துப் பார்த்தால் ஒரு வட்டம் தெரியும். அதில் பாதி ஒரு கிண்ணத்தின் நீலம். மறுபாதி இன்னொன்றின் நீலம். இரண்டு பாதியும் ஒரே நிறமாகும் வரை கிண்ணத்தை ஏற்றி இறக்க வேண்டும். இரண்டும் ஒன்றானதும் அளவுகோலைப் பார்த்துக் கணக்குப் போட வேண்டியதுதான்.

1925-ல் இந்த முறை அமெரிக்க உயிர் ரசாயனப் பத்திரிகையில் வெளியாயிற்று. பிஸ்க்–சுப்பாராவ் முறை என்ற பெயர் அன்றுமுதல் உலகத்துப் பரிசோதனைச் சாலைகளில் வழங்கலாயிற்று. விஞ்ஞானக் கட்டுரைகளில் மிக அதிகமாக எடுத்துக் காட்டப்பட்டவற்றில் அதுவும் ஒன்று. சென்னையில் ஒரு பாடத்தில் தவறிய மாணவரின் பெயர், மூன்றே ஆண்டில் உலகமெங்கும் வைத்திய மாணவர்கள் மனப்பாடம் செய்யும் பெயராகிவிட்டது.

வளர்ச்சியை எப்படி அளப்பது?

இந்த நீலக் கணக்கு எதிர்பாராத இடங்களிலும் பயன்பட்டது. மனிதனுடைய மூளைக்கு அடியில் பிட்யூட்டரி என்ற சுரப்பி இருக்கிறது. பட்டாணி அளவுதான், எடை சுமார் அரைக் கிராம். அதிலிருந்து வரும் வளர்ச்சி ஹார்மோன் குறைந்தால் குழந்தை குள்ளமாக நின்றுவிடும். வளர்ந்த ஆளுக்கு அது மிகுந்தால் கை, கால், தாடை எல்லாம் பெருத்துப் போகும்.

ஆனால் அந்த ஹார்மோன் ரத்தத்தில் இருக்கும் அளவோ மிகச் சொற்பம். ஒரு மில்லி லிட்டர் ரத்தத்தில் அதை ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற கணக்கில்தான் எண்ண வேண்டும். எந்தத் தராசும் அதை நிறுக்காது. எந்த நிறமும் அதைக் காட்டாது. ஆகவே ஹார்மோன் செய்யும் வேலையைப் பார்த்து அதை மதிப்பிட வேண்டியிருந்தது. அந்த வேலைகளில் ஒன்று, சிறுநீரகத்தின் வழியே பாஸ்பரஸ் வெளியேறாமல் உடலில் தங்கச் செய்வது. வளர்ந்தவர்களுக்கு 100 மில்லி லிட்டர் சீரத்தில் பாஸ்பரஸ் சுமார் 2.5 முதல் 4.5 மில்லி கிராம் வரை இருக்கும். வளரும் குழந்தைகளுக்கு இதைவிட அதிகம். கை கால் பெருக்கும் நோய் முற்றி வரும்போது பலருக்கு அந்த அளவு ஏறும். சிகிச்சை பலித்தால் இறங்கும். ஹார்மோன் இன்னும் வேலை செய்கிறதா, அடங்கிவிட்டதா என்று அறிய, டாக்டர்கள் பாஸ்பரஸ் கணக்கையும் ஓர் அடையாளமாகக் கொண்டனர். எல்லா நோயாளியிடமும் இந்த அடையாளம் தென்படாது. ஆயினும் வேறு வழி அதிகம் இல்லாத காலத்தில் இது ஓர் ஊன்றுகோல்.

பின்னர் வேறு முறைகள் வந்தன. பிட்யூட்டரி சுரப்பியை நீக்கிய இளம் எலிகளுக்கு நான்கு நாள் ஊசி போட்டு, முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பின் நுனியில் குருத்தெலும்பு எவ்வளவு தடித்திருக்கிறது என்று பூதக் கண்ணாடியில் அளக்கும் முறையைக் கலிபோர்னியா விஞ்ஞானிகள் 1949-ல் வெளியிட்டனர். சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றின் வீரியத்தை அறிய அது உதவிற்று. நியூயார்க்கில் ரோஸலின் யாலோவும் சாலமன் பெர்ஸனும் கதிரியக்கத்தைக் கொண்டு ஹார்மோன்களை அளக்கும் வழியைக் கண்டனர். 1962, 1963-ஆம் ஆண்டுகளில் வளர்ச்சி ஹார்மோனையும் அவ்வழியில் ரத்தத்திலேயே நேராக அளக்க முடிந்தது. அதுவரை எலியின் எலும்பும் ரத்தத்தின் பாஸ்பரஸும் போன்ற மறைமுகச் சாட்சிகளையே நம்ப வேண்டியிருந்தது.

தாமதமாக வந்த நீலம்

தம் முறையைக் கொண்டு சுப்பாராவ் தசையிலுள்ள பாஸ்பரஸை அளக்கப் புகுந்தார். பூனையின் தசையை எடுத்துச் சோதித்தபோது ஒரு விந்தை நேர்ந்தது. ஐந்து நிமிஷத்தில் வந்து நின்றுவிட வேண்டிய நீலம் நிற்கவில்லை. நேரம் ஆக ஆக மேலும் மேலும் கருத்துக்கொண்டே போயிற்று. அவசரக்காரராயிருந்தால் கரைசல் கெட்டுவிட்டது என்று கொட்டிவிட்டு மறுபடி தொடங்கியிருப்பார். சுப்பாராவும் பிஸ்கும் அப்படிச் செய்யவில்லை. தங்கள் முறை தவறாது என்பது அவர்களுக்குத் தெரியும். முறை தவறாதென்றால், தசைக்குள் புதிதாக ஏதோ இருக்க வேண்டும்.

தசையில் பாஸ்பரஸ் வேறொரு பொருளோடு கட்டுண்டு கிடக்கிறது. சோதனைக் குழாயின் அமிலத்தில் அந்தக் கட்டு மெல்ல மெல்ல அவிழ்கிறது. அவிழ அவிழ நீலம் ஏறுகிறது என்று கண்டுபிடித்தார்கள். அதுதான் பாஸ்போகிரியேட்டின். தசைக்கு மின்சாரம் பாய்ச்சி வேலை வாங்கினால் அது சிதைகிறது; ஓய்வு கொடுத்தால் மீண்டும் சேர்கிறது. 1927-ல் இதை வெளியிட்டனர். இங்கிலாந்தில் எக்கிள்டன் தம்பதிகளும் அதே சமயம் இதே பொருளைக் கண்டனர். தசை இயங்குவது லாக்டிக் அமிலத்தாலேயே என்ற கொள்கைக்காக முன்பு நோபல் பரிசே வழங்கப்பட்டிருந்தது. அந்தக் கொள்கை ஆட்டம் கண்டது.

அதோடு நிற்கவில்லை. 1929-ல் ஏ.டி.பி. என்ற பொருளையும் தசையிலிருந்து பிரித்தெடுத்தனர். ஜெர்மனியில் கார்ல் லோமனும் அதே ஆண்டில் அதைக் கண்டார். எறும்பு ஊர்வதிலிருந்து மனிதன் எண்ணுவது வரை, உயிருள்ள எல்லாவற்றுக்கும் சக்தியைச் சில்லறையாகக் கொடுத்து வாங்குவது இந்த ஏ.டி.பி.தான் என்று இன்று பள்ளி மாணவர்களும் படிக்கிறார்கள்.

ஹார்வர்டு விட்ட கை

1930-ல் சுப்பாராவ் டாக்டர் பட்டம் பெற்றார். மேலும் பத்தாண்டுகள் ஹார்வர்டில் உழைத்தார். ஆயினும் அங்கே அவருக்கு நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. கூச்ச சுபாவம் உள்ளவர். தம் வேலையைத் தாமே எடுத்துச் சொல்லத் தெரியாதவர். கூட்டாகச் செய்த கண்டுபிடிப்புகளில் அவர் பங்கு எவ்வளவு என்பதே பலருக்குத் தெரியாமல் போயிற்று. சக ஊழியரின் பொறாமையும் அவரைப் பின்னுக்குத் தள்ளியது என்று பிற்காலத்தில் விஞ்ஞானிகள் சிலர் கூறினர்.

1940-ல் அவர் ஹார்வர்டை விட்டு, நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரிலிருந்த லெடர்லி மருந்துக் கம்பெனியில் சேர்ந்தார். விரைவில் ஆராய்ச்சிப் பகுதியின் டைரக்டரானார். சகோதரர்களைக் கொன்ற நோய்க்கு மருந்து தேடும் வாய்ப்பு ஒருவழியாகக் கிட்டியது.

கிருமியே தராசு

ரத்த சோகையைத் தீர்க்கும் ஏதோ ஒரு சத்து ஈரலிலும் ஈஸ்ட்டிலும் இருக்கிறது என்பது தெரிந்திருந்தது. 1928-ல் பம்பாய்க்கு வந்த லூஸி வில்ஸ் என்ற பெண் டாக்டர், கருவுற்ற ஆலைத் தொழிலாளப் பெண்களின் சோகையை ஈஸ்ட் சத்து தீர்ப்பதைக் கண்டு எழுதியிருந்தார். அந்தச் சத்து எது என்பது மட்டும் பிடிபடவில்லை.

ஈரலில் அது இருப்பது துளியிலும் துளி. இங்கே நீல நிறம் உதவவில்லை. அளப்பதற்கு உயிருள்ள ஒன்று வேண்டியிருந்தது. பாலில் வளரும் ஒருவகை பாக்டீரியா அந்தச் சத்து இல்லாவிட்டால் பெருகாது. ஈரல் சாற்றைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அந்தக் கிருமிக்கு ஊட்டிப் பார்த்தார்கள். எந்தப் பகுதியில் கிருமி செழித்ததோ அதில் சத்து இருக்கிறது. அந்தப் பகுதியை மீண்டும் பிரித்து, மீண்டும் ஊட்டினார்கள். எலியின் எலும்பைக் கொண்டு ஹார்மோனை அளந்ததைப் போல, கிருமியின் வளர்ச்சியைக் கொண்டு சத்தை அளந்தனர்.

சுப்பாராவின் தலைமையில் ஒரு பெரிய குழுவே இதில் இறங்கியது. 1945-ல் அந்த மஞ்சள் நிறப் பொருளை ஆராய்ச்சிச் சாலையிலேயே தயாரித்துவிட்டார்கள். அதுவே போலிக் அமிலம். சோகை பிடித்தவர்கள் தேறினார்கள். ஸ்ப்ரூ நோயாளிகளும் தேறினார்கள். இரண்டு சகோதரர்களையும் காப்பாற்ற அது இருபது ஆண்டுக்கு மேல் பிந்தி வந்தது. மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்குச் சமயத்தில் வந்தது.

போலிக் அமிலத்தைப் போலவே தோற்றமுள்ள, ஆனால் அதன் வேலையைத் தடுக்கும் பொருள்களையும் அந்தக் குழு தயாரித்தது. அவற்றில் ஒன்று அமினாப்டெரின். பாஸ்டனில் டாக்டர் ஸிட்னி பார்பர், ரத்தப் புற்றுநோயால் சாகக் கிடந்த 16 குழந்தைகளுக்கு அதைக் கொடுத்தார். 10 குழந்தைகளுக்கு நோய் தணிந்தது. நிரந்தரக் குணமல்ல, ஆனாலும் மருந்தால் அந்த நோய் பின்வாங்கியது அதுவே முதல் தடவை. 1948 ஜூனில் இச்செய்தி வெளியாயிற்று. அதே குலத்தில் வந்த மெதோட்ரெக்ஸேட் இன்றும் உலகெங்கும் உபயோகத்தில் இருக்கிறது.

யானைக்கால் நோய்க்கான டி.இ.சி. மருந்தும் 1947-ல் அவருடைய ஆராய்ச்சிப் பகுதியிலிருந்தே வெளிவந்தது. மணலூர்பேட்டை அன்று சேர்ந்திருந்த தென்னாற்காடு ஜில்லா உட்படத் தமிழ்நாட்டின் பல பகுதிகள் யானைக்கால் நோயால் வெகுகாலம் துன்புற்றவை. பின்னாட்களில் சர்க்கார் வீடு வீடாக வழங்கிய மாத்திரை இதுவே. டாக்டர் டக்கர் கண்டுபிடித்து, 1948-ல் அறிவிக்கப்பட்ட ஆரியோமைஸின் என்ற கிருமிக்கொல்லி மருந்தும் சுப்பாராவ் டைரக்டராயிருந்த காலத்ததே.

புகழ் தேடாத மனிதர்

ஆரியோமைஸின் உலகுக்கு அறிவிக்கப்பட்ட சில வாரங்களில், 1948 ஆகஸ்டு 8-ஆம் தேதி இரவு உறங்கப் போன சுப்பாராவ், மறுநாள் காலை எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு தூக்கத்திலேயே அவரைக் கொண்டுபோய்விட்டது. வயது 53. ஓராண்டுக்கு முன் சுதந்திரம் பெற்ற தாய்நாட்டை அவர் பார்க்கவே இல்லை. சில ஆண்டுகளில் வருவதாகச் சொல்லிவிட்டுப் போன கணவரைச் சேஷகிரி அம்மாளும் மீண்டும் பார்க்கவில்லை. அவர் கண்ட மருந்துகளால் எத்தனையோ குடும்பங்கள் பிழைத்தன. அதற்கு விலை கொடுத்தவர்களில் அந்த அம்மாளும் ஒருவர்.

நோபல் பரிசு அவரைத் தேடி வரவில்லை. பெரிய விருதுகளும் வரவில்லை. 1953-ல் விஞ்ஞானிகள் புதிதாகக் கண்ட ஒரு பூஞ்சைக் காளானுக்குச் சுப்பாரோமைஸிஸ் என்று அவர் பெயரை வைத்தனர். நூறாவது பிறந்த ஆண்டான 1995-ல் இந்தியத் தபால் இலாகா அவர் படத்துடன் தபால் தலை வெளியிட்டது.

இன்று ரத்தத்தைச் சோதிக்கும் யந்திரங்கள் வந்துவிட்டன. கிண்ணத்தை ஏற்றி இறக்கி நிறத்தை ஒப்பிடும் வேலை இப்போது இல்லை. ஆயினும் மாலிப்டினம் பாஸ்பரஸோடு கூடும் அந்த ரசாயனம் மாறவில்லை. உயிர் ரசாயனம் படிக்கும் மாணவர்கள் இன்றும் பிஸ்க்–சுப்பாராவ் முறையில் பாஸ்பரஸை அளந்து பழகுகிறார்கள். குழாயில் நீலம் எழும்போது, அந்த நிறத்துக்கு உரிய சுப்பாராவ் திருவல்லிக்கேணியில் மூன்றாம் முறை பரீட்சை எழுதித் தேறிய மாணவர் என்பதை ஆசிரியர்கள் அவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது. பரீட்சையில் ஒருமுறை தவறிய பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள்.